28 பெரிதா, 40 பெரிதா?

வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பகுதி மழையும் பனியும்தான். இங்கே மார்கழி மழையில் முற்றம் முழுக்கத் தண்ணி நிற்கிறது, அங்கே கனடாவிலும் அமெரிக்காவிலும் பெரிய பனிப்புயல் ஒன்று அடித்து ஓய்ந்திருக்கிறது, ஆகவே திருகோணமலையில் எந்த வீட்டுக்கு வெளிநாட்டு அழைப்பு வந்தாலும் "உங்களுக்கு எவ்வளவு?" என்பதுதான் முதல் கதை. சினிமாக் கேள்விகளையும் சாதகக் கேள்விகளையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபிக்க வேண்டாம்.

ஐயா, என் மகன் நியூஜேர்சியில், மகள் ஸ்காபரோவில். புயல் முடிந்த அன்று மகன் "எங்களுக்கு 28" என்றான். மகள் "எங்களுக்கு 40, உன்னுடையதெல்லாம் ஒரு பனியா" என்றாள். இப்போது இரண்டு பேரும் என்னை நடுவராக வைத்துச் சண்டை பிடிக்கிறார்கள். யாருக்கு அதிகம்?
உப்புவெளியிலிருந்து ஒரு தாய்

மகனுக்குத்தான் அம்மா. அமெரிக்காக்காரர் இன்றைக்கும் அங்குலத்தில்தான் கதைக்கிறார்கள், கனடா 70களிலேயே மெட்ரிக் அளவுக்கு மாறிவிட்டது. 28 அங்குலம் என்றால் 71 சென்ரிமீற்றர். மகளின் 40 சென்ரிமீற்றரை அங்குலமாக்கினால் 16கூட முழுதாக வராது.

ஆனால் தீர்ப்பை உடனே வாசித்துவிடாதீர்கள். மகனிடம் "எங்கே வைத்து அளந்தாய், எதால் அளந்தாய், எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். மதில் ஓரத்தில் காற்று கொண்டுவந்து குவித்த பனியில் தடியைக் குத்தியிருந்தால் 28 என்ன, 50கூட வரும். "ரிவியில் சொன்னார்கள்" என்று சொன்னால் அது அவன் வீட்டுப் பனியே இல்லை, எங்கோ ஒரு விமான நிலையத்துப் பனி. மகளிடமும் இதே கேள்வியைக் கேளுங்கள், பெண் பிள்ளை என்று விட்டுக்கொடுக்க வேண்டாம்.

பனியை அளப்பது என்ன அவ்வளவு பெரிய வித்தையா? அடிமட்டத்தைக் குத்திப் பார்த்துச் சொன்னால் முடிந்ததுதானே?
சாம்பல்தீவு வாசகர்

குத்துவது சுலபம் தம்பி. எங்கே குத்துவது, எப்போது குத்துவது என்பதில்தான் அங்கே வருடக்கணக்காகச் சண்டை நடக்கிறது.

மழை விழுந்தால் தண்ணியாக அப்படியே இருக்கும். பனி அப்படி இல்லை, விழுந்த நிமிடத்திலிருந்து அமுங்கத் தொடங்கிவிடும், சலித்த மாவை ரின்னில் கொட்டிவிட்டுத் தட்டினால் மட்டம் இறங்குமே, அதுபோல. காலையில் 20 சென்ரிமீற்றர் விழுந்து, மத்தியானம் 20 விழுந்து, இரவும் 20 விழுந்தால், மறுநாள் தரையில் 60 இருக்காது. 45 இருக்கலாம், 50 இருக்கலாம். அப்போது "எவ்வளவு விழுந்தது" என்பது ஒரு கணக்கு, "எவ்வளவு கிடக்கிறது" என்பது வேறொரு கணக்கு. உறவினர் சண்டையில் பாதி, ஒருவர் முதலாவதையும் மற்றவர் இரண்டாவதையும் சொல்வதால் வருவது.

அதனால் அங்கே முறையாக அளக்கிறவர்கள் வெள்ளை நிறம் பூசிய ஒரு சதுரப் பலகையை, ஒரு பக்கம் 40 சென்ரிமீற்றர் அல்லது 60 சென்ரிமீற்றர் இருக்கும், புயலுக்கு முன்பே தரையில் வைத்துவிடுவார்கள். அதில் சேர்ந்ததை அளந்து எழுதி, துடைத்து, மறுபடி புதுப்பனியின் மேல்மட்டத்தில் வைக்க வேண்டும். பலகை இருக்கிற இடத்தில் ஒரு கொடியையோ தடியையோ நட்டுவைப்பதும் அவசியம், இல்லாவிட்டால் அடுத்த தடவை பலகையையே தேட வேண்டிவரும். புல்லின் மேல் அளந்தால் புல் நுனி பனியைத் தாங்கிப்பிடித்து அளவைக் கூட்டிக் காட்டும், வெயில் குடித்த தார் வீதியில் அளந்தால் விழுந்தது உருகிக் குறைத்துக் காட்டும். காற்று அடித்தால் ஒரே முற்றத்தில் ஒரு மூலையில் வெறுந்தரை தெரியும், மறு மூலையில் இடுப்பளவு நிற்கும், அப்போது பல இடங்களில் அளந்து சராசரி எடுக்க வேண்டும்.

எத்தனை தடவை துடைக்கலாம் என்பதுதான் முக்கியம். அமெரிக்க விதிப்படி ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறைக்கு மேல் துடைக்கக் கூடாது, அதாவது ஒரு நாளைக்கு நாலு தடவை. மணிக்கு ஒருமுறை துடைத்துத் துடைத்துக் கூட்டினால், அமுங்க நேரம் கொடுக்காமல் அளக்கிறபடியால் அதே பனி அதிகமாகத் தெரியும். 1997 ஜனவரியில் நியூயோர்க் மாநிலத்தின் மொன்ரேகு என்ற இடத்தில் 24 மணித்தியாலத்தில் 77 அங்குலம், ஏறத்தாழ 196 சென்ரிமீற்றர், விழுந்ததாக ஒரு கணக்கு வந்தது. நாட்டின் சாதனையே உடைந்துவிட்டது என்று பெரிய ஆரவாரம். நிபுணர் குழு உட்கார்ந்து பார்த்தது. அளந்தவர் ஒரு நாளில் நாலுக்குப் பதிலாக ஆறு தடவை அளந்து கூட்டியிருந்தார், ஆகவே ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பனி விழுந்தது உண்மை, அந்த மனிதர் பொய் சொல்லவும் இல்லை. ஆனாலும் சாதனை 1921 ஏப்ரலில் கொலராடோவின் சில்வர் லேக்கில் விழுந்த 75.8 அங்குலத்திடமே இருந்துவிட்டது. எனக்கென்னவோ இது சரியான தீர்ப்பு என்றுதான் படுகிறது. ஒருவர் ஆறு தடவையும் மற்றவர் நாலு தடவையும் அளந்துவிட்டு யார் பெரியவர் என்று கேட்க முடியாது.

2016 ஜனவரிப் புயலில் இன்னும் வேடிக்கை. வொஷிங்ரன் ரீகன் விமான நிலையத்தில் அளக்கிறவர்களின் பலகையே பனிக்குள் புதைந்து போய்விட்டது. அவர்கள் சொன்ன அளவு 17.8 அங்குலம், அதே புயலில் வொஷிங்ரனுக்கு வெளியே இருக்கிற டலஸ் விமான நிலையத்தில் 29.3. ஊரே சிரித்தது. நியூயோர்க் சென்ரல் பார்க்கில் முதலில் 26.8 என்று அறிவித்தார்கள், 2006இன் சாதனையான 26.9ஐ ஒரு புள்ளியால் தவறவிட்டதாகச் சனம் கவலைப்பட்டது. மூன்று மாதம் கழித்து விசாரித்துப் பார்த்தால், அளந்தவருக்கும் அலுவலகத்துக்கும் இடையில் தகவல் பிசகியிருக்கிறது, உண்மை அளவு 27.5. சாதனை கைக்கு வந்தது. அதே விசாரணையில், பக்கத்து நியூவாக் விமான நிலையத்தின் 28.1 செல்லாது என்று தள்ளப்பட்டது. உப்புவெளி அம்மாவின் மகன் நியூஜேர்சி என்பதால் இதையும் சொல்லிவைக்கிறேன், நியூவாக் அந்த மாநிலத்தில்தான் இருக்கிறது.

40 சென்ரிமீற்றர் பனியை உருக்கினால் எவ்வளவு தண்ணி வரும்? எங்கள் ஊர் மழையோடு ஒப்பிட முடியுமா?
மூதூரிலிருந்து உயர்தர மாணவி

நல்ல கேள்வி தங்கச்சி, பரீட்சையிலும் வரலாம். பொதுவாகச் சொல்கிற கணக்கு பத்துக்கு ஒன்று: 10 சென்ரிமீற்றர் பனியை உருக்கினால் ஒரு சென்ரிமீற்றர், அதாவது 10 மில்லிமீற்றர் தண்ணி. அப்படிப் பார்த்தால் 40 சென்ரிமீற்றருக்கு 40 மில்லிமீற்றர். கார்த்திகையில் மூதூரில் ஒரு பின்னேரத்தில் கொட்டி முடித்துவிட்டுப் போகிற மழை அது.

ஆனால் பத்துக்கு ஒன்று என்பது கைக்கணக்கு மட்டும்தான். குளிர் கடுமையாக இருந்து பனி உலர்ந்து பஞ்சாக விழுந்தால் இருபதுக்கு ஒன்று, சில வேளை அதற்கும் மேலே போகும். பூச்சியம் பாகையை ஒட்டி நின்று ஈரமாக விழுந்தால் ஐந்துக்கு ஒன்றுகூட வரும். ஒரே 40 சென்ரிமீற்றருக்குள் 20 மில்லிமீற்றரும் இருக்கலாம், 80 மில்லிமீற்றரும் இருக்கலாம். அங்கே பனி தள்ளுகிற சித்தப்பா ஒருவர் உங்களுக்கு இருந்தால், அவருடைய முதுகுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் தண்ணி ஒரு கிலோ எடை, ஆகவே 40 சென்ரிமீற்றர் ஈரப்பனி ஒரு சதுர மீற்றரில் 80 கிலோவாக உட்கார்ந்திருக்கும், உலர்ந்த பனி என்றால் 20 கிலோ. தட்டைக் கூரைகள் இடிந்து விழுவது பெரும்பாலும் ஈரப்பனியிலும், பனிக்கு மேல் மழை பெய்கிறபோதும்தான்.

இனி மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். திருகோணமலைக்கு நவம்பர், டிசம்பர் இரண்டிலும் தலா 300 மில்லிமீற்றருக்கு மேல் சராசரி மழை. பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் அது மாதம் மூன்று மீற்றர் பனி. 1999 ஜனவரியில் ரொறன்ரோவில் ஒரு மீற்றருக்குச் சற்று மேலே விழுந்ததற்கே மேயர் இராணுவத்தைக் கூப்பிட்டார், நாடு முழுக்க அவரைக் கேலி செய்தது வேறு கதை. இலங்கையில் 24 மணித்தியாலத்தில் பதிவான அதிகூடிய மழை எங்களுக்கு வடக்கே நெடுங்கேணியில், 1897 டிசம்பரில், 806.9 மில்லிமீற்றர். அதைப் பனியாக்கினால் எட்டு மீற்றர், மாடி வீடும் மூடிப்போகும். சித்தப்பா அடுத்த முறை பெருமை பேசினால் இதை எடுத்து விடுங்கள்.

வானொலியில் "திருகோணமலையில் 85 மில்லிமீற்றர்" என்று சொன்ன அன்று எங்கள் ஊரில் முற்றம்கூட நனையவில்லை. பொய்க்கணக்கா சொல்கிறார்கள்?
கிண்ணியா வாசகர்

பொய்யில்லை காக்கா. ஒரு மழைமானி தன்னுடைய வாய்க்குள் விழுந்ததை மட்டும்தான் சொல்லும். துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் பெய்ததும் இந்தப் பக்கம் காய்ந்ததும் அதற்குத் தெரியாது. வடகீழ்ப் பருவக்காற்று நன்றாக விழுந்த பிறகு மழை ஓரளவு பரவலாகப் பெய்யும், அதற்கு முந்திய ஒக்ரோபர் இடிமழைதான் மோசம், நிலாவெளியில் கொட்டும், சீனக்குடாவில் வெயில் எறிக்கும்.

இது எங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. 2014 நவம்பரில் அமெரிக்காவின் பஃபலோ நகரத்தின் தெற்குப் பக்கம் ஒன்றரை மீற்றருக்கு மேல் பனி, வடக்குப் பக்கத்தில் சில சென்ரிமீற்றர் மட்டும். சூடு ஆறாத ஈரி ஏரிக்கு மேலால் கடும் குளிர்காற்று போகும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு ஒரு ஒடுங்கிய பட்டையாகக் கரையில் கொட்டும். பட்டைக்குள் அகப்பட்ட வீட்டுக் கதவைத் திறக்க முடியாது, வெளியே இருப்பவர் அந்த வெள்ளை மதிலை நின்று படம் பிடிக்கலாம்.

இன்னொரு காரணம் நேரம். இங்கே வளிமண்டலவியல் திணைக்களத்தின் நாள், காலை 8.30இலிருந்து மறுநாள் காலை 8.30 வரை. நீங்கள் நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை கணக்குப் பார்த்தால், ஒரே மழை அவர்களுக்கு ஒரு நாளிலும் உங்களுக்கு இரண்டு நாளிலும் விழும். ஊர் ஊராக ஒப்பிடுகிறவர்கள் முதலில் ஒத்துக்கொள்ள வேண்டியது இந்த 8.30ஐத்தான்.

போனில் உள்ள செயலி 45 மி.மீ. என்று காட்டுகிறது, முற்றத்தில் வைத்த பாத்திரத்தில் 12தான். எதை நம்ப?
பாலையூற்று வாசகி

பாத்திரம் நேரான பாத்திரம் என்றால் பாத்திரத்தை. செயலி காட்டுவது பெரும்பாலும் யாரும் அளந்ததல்ல, கணினியில் ஓடுகிற வானிலைக் கணக்கு ஒன்று பல கிலோமீற்றர் சதுரத்துக்குக் கணித்த சராசரி. நாளைக்குக் குடை வேண்டுமா என்று பார்க்க அது போதும், நேற்று எவ்வளவு பெய்தது என்று சண்டை பிடிக்கப் போதாது.

நான் வெள்ளாமை செய்கிறவன். வாளி ஒன்றை வெளியில் வைத்து, நிறைந்த மட்டத்தை அளந்து மழை எழுதிவருகிறேன். அடுத்த வயல்காரர் எப்போதும் என்னை விடக் குறைவாகவே சொல்கிறார். அவர் என்ன பிழை விடுகிறார்?
தம்பலகாமம் வாசகர்

அண்ணா, குறை நினைக்க வேண்டாம், பிழை உங்கள் வாளியில். வாளிக்கு வாய் அகலம், அடி ஒடுக்கம். அகன்ற வாயால் பிடித்த மழை ஒடுங்கிய அடியில் உயர்ந்து நிற்கும், ஆகவே மட்டத்தை அளந்தால் எப்போதும் கூட வரும். அடுத்த வயல்காரர் நேரான ரின் ஒன்று வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

வாளியை எறிய வேண்டியதில்லை. மட்டத்தை அளக்காமல் தண்ணியை அளவுங்கள். வாயின் உள்விட்டம் 20 சென்ரிமீற்றர் என்று வைப்போம், ஆரை 10, பரப்பு 314 சதுர சென்ரிமீற்றர். சேர்ந்த தண்ணி இரண்டு லீற்றர், அதாவது 2000 மில்லிலீற்றர். 2000ஐ 314ஆல் வகுத்தால் 6.37 சென்ரிமீற்றர், மழை 63.7 மில்லிமீற்றர். வாய் எந்த அளவாக இருந்தாலும், அடி எந்த வடிவமாக இருந்தாலும் இந்தக் கணக்கு பிழைக்காது.

புதிதாகச் செய்வதென்றால் ஹாட்வெயார் கடையில் நாலு அங்குல பிவிசி குழாயில் ஒரு அரை மீற்றர் துண்டும் ஒரு மூடியும் வாங்குங்கள். மூடியைப் பசை போட்டு அடியில் இறுக்கி, மேல் வாயை மட்டமாக அரிந்து, அரிந்த விளிம்பை வெளிப்பக்கம் சரிவாக அரத்தால் தேய்த்துவிட்டால் துளி விளிம்பில் பட்டு வெளியே தெறிப்பது குறையும். உள்விட்டத்தை நீங்களே அளவுங்கள், நாலு அங்குலம் என்று விற்பது சரியாக நாலு இருக்காது. உள்விட்டம் 10 சென்ரிமீற்றர் என்று வந்தால் ஒரு மில்லிமீற்றர் மழைக்கு 7.85 மில்லிலீற்றர் தண்ணி. பிள்ளைகளின் பாணி மருந்தோடு வருகிற சின்ன அளவுக் கோப்பையே சிறு மழைக்குப் போதும், பெரிய மழைக்குப் பால்போத்தல்.

வைக்கிற இடம்தான் தலையிடி. மரமோ வீடோ எவ்வளவு உயரமோ அதைப்போல இரண்டு மடங்கு தள்ளி வைக்கச் சொல்வார்கள். 15 மீற்றர் தென்னை என்றால் 30 மீற்றர். உங்களுக்கு வயல் இருக்கிறது, வைக்கலாம். 20 பேர்ச் வளவுக்குள் மூன்று தென்னையும் ஒரு மாவும் வைத்திருக்கிற உவர்மலைக்காரர் எங்கே போவார்? இருக்கிற இடத்தில் மிகத் திறந்த இடத்தைத் தேர்ந்து, பிறகு அதை மாற்றாமல் இருந்தால் சரி. கூரையில் மட்டும் வைக்க வேண்டாம், காற்று விளிம்பில் மோதி மேலே கிளம்பி மழையை மானிக்கு மேலால் கொண்டுபோய்விடும். ஒரு கம்பத்தில் இடுப்பளவுக்குக் கீழே கட்டி, காலையில் 8.30க்கு அளந்து, உடனே ஊற்றிக் கவிழ்த்துத் துடைத்து வையுங்கள். தண்ணியோடு விட்டால் நுளம்பு முட்டை போடும், சுகாதாரப் பரிசோதகர் வந்து நிற்பார், "ஐயா இது விஞ்ஞானம்" என்று சொல்லி அவரிடம் தப்ப முடியாது.

1964 புயல் மழையைப் போல பிறகு பெய்யவே இல்லை என்று அப்பப்பா சொல்கிறார். உண்மையா?
குச்சவெளி வாசகர்

அப்பப்பா கண்ட புயல் சாதாரணப் புயல் அல்ல. 1964 டிசம்பர் 22இல் எங்கள் கரையைக் கடந்து, மன்னார்ப் பக்கமாகப் போய், தனுஷ்கோடியை அழித்து, பாம்பனிலிருந்து வந்த ஒரு ரயிலையே கடலுக்குள் இழுத்தது. அதற்குப் பிறகு 1978 நவம்பரில் மட்டக்களப்பில் ஒன்று, 2000 டிசம்பர் 26இல் திருகோணமலையில் ஒன்று, 2020 டிசம்பர் 2இல் உங்கள் குச்சவெளிக்கும் திரியாய்க்கும் நடுவால் வந்த புரெவி. காற்றை வைத்துப் பார்த்தால் புரெவி 64க்குப் பக்கத்திலும் நிற்காது.

மழை வேறு. பெருங்காற்றில் மழை சாய்ந்து, ஏன் படுத்தே வருகிறது, மானியின் வாய்க்குள் விழுவதை விட வாயைத் தாண்டிப் போவது அதிகம். புயல் நாளின் மழை அளவு அநேகமாக உண்மையை விடக் குறைவாகவே எழுதப்பட்டிருக்கும், பனியில் இந்த இழப்பு இன்னும் மோசம், அதனால்தான் குளிர்நாடுகளில் மானியைச் சுற்றித் தகடுகள் தொங்கவிட்டு வேலி மாதிரிக் கட்டுகிறார்கள். காற்றடித்த இரவுகளையும் காற்றில்லாத அடைமழையையும் மானியை வைத்து நிறுப்பது கடினம். அப்பப்பா சொன்னது அவருடைய வளவின் கணக்கு, அதை மறுக்க என்னிடம் மானி இல்லை. பழைய குறிப்புகளில் மழை அங்குலத்தில் இருக்கும் என்பதையும் கவனியுங்கள், ஆறு என்று எழுதியிருந்தால் சின்ன மழை என்று நினைத்துக் கடந்து போய்விடாதீர்கள், அது 152 மில்லிமீற்றர்.

அமெரிக்கப் பனிப்புயலையும் வடகிழக்குக் காற்றை வைத்துத்தான் சொல்கிறார்களாமே? எங்கள் வாடைக்காற்றும் அதுவும் சொந்தமா?
நிலாவெளி வாசகர்

திசை ஒன்று, சொந்தம் இல்லை. அங்கே அத்திலாந்திக் கரையோரமாக வடக்கே ஏறுகிற தாழமுக்கம், கடலின் ஈரத்தை வடகிழக்குக் காற்றாக நியூயோர்க், பொஸ்ரன் பக்கம் தள்ளுகிறது, உள்ளே குளிர் காத்துக்கொண்டிருந்தால் பனி, இல்லாவிட்டால் மழை. எங்கள் வாடை பருவத்துக்கே உரிய காற்று, ஒரு புயலுக்காக வருவதல்ல. இரண்டு இடத்திலும் கடலைத் தாண்டி ஈரம் குடித்து வருகிற காற்று கிழக்குக் கரையை நனைக்கிறது என்பது மட்டும் பொது.

திருகோணமலையில் பனி கொட்டுமா?
அன்புவழிபுரத்திலிருந்து ஐந்தாம் வகுப்பு மாணவன்

கொட்டாது கண்ணா. நுவரெலியாவில் தை, மாசி விடியற்காலையில் புல்லில் வெள்ளையாக உறைபனி படியும், அதுகூட மேலிருந்து விழுவதில்லை, நிலத்திலேயே உறைவது. ஆலங்கட்டி எப்போதாவது விழும். விழுந்தால் வாயில் போடாதே, அம்மாவிடம் கொடுத்து அடிமட்டத்தால் அளந்து எழுதி வை.

பஞ்சாங்கத்தில் இந்த வருடம் இத்தனை மரக்கால் மழை என்று போட்டிருக்கிறதே, அதை மில்லிமீற்றருக்கு மாற்றும் வழி உண்டா?
கோணேசர் கோயிலடி வாசகர்

இல்லை. அது கடலுக்கு இத்தனை பங்கு, மலைக்கு இத்தனை பங்கு, நிலத்துக்கு இத்தனை பங்கு என்று பூமி முழுவதற்கும் பிரித்துச் சொல்வது, உங்கள் முற்றத்துக்குச் சொல்வதல்ல. ஆனால் பாத்திரம் வைத்து மழை அளப்பது எங்கள் பக்கத்துக்குப் புதிது அல்ல. களஞ்சியத்தின் முன்னால் ஒரு முழ அகலத்தில் பாத்திரம் வைத்து மழை பார்க்கச் சொல்லி அர்த்தசாஸ்திரத்திலேயே இருக்கிறது. கொரியாவில் செஜோங் மன்னர் 1441-42இல் ஒரே அளவான மழைமானியை நாடு முழுக்க வைக்க ஏற்பாடு செய்தார். எல்லா ஊருக்கும் ஒரே பாத்திரம் என்பதுதான் அதில் கெட்டித்தனம்.

வெள்ளத்தில் சனம் வீடு வாசல் இழந்து பாடசாலைகளில் படுத்திருக்கிறது, அங்கே பனியில் அகப்பட்டு ஆட்கள் சாகிறார்கள். நீங்களோ யாருக்குக் கூட, யாருக்குக் குறைய என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரிப் பேசுகிறீர்கள். வெட்கமாக இல்லையா?
வெருகல் வாசகர்

கோபம் நியாயம். முகாமில் இருப்பவரிடம் போய் "உங்களுக்கு எத்தனை மில்லிமீற்றர்?" என்று கேட்பவனுக்கு வெட்கம் இருக்க வேண்டும்.

ஆனால் வெருகலில் இருக்கிற உங்களுக்கே இது தெரியும்: உங்கள் ஊரில் ஒரு துளி விழாத நாளிலும் வெள்ளம் வரும். மகாவலியின் மேலே மலைநாட்டில் விழுந்த மழை, பிறகு இறங்கி உங்கள் வாசலுக்கு வருகிறது. மேலே எவ்வளவு விழுந்தது என்று நேரத்துக்குத் தெரிந்தால்தான் குளத்தின் வான்கதவை எப்போது, எத்தனை அடி திறப்பது என்று முடிவெடுக்கலாம், கீழே இருப்பவர் மாட்டை மேட்டுக்குக் கொண்டுபோகலாம். அந்த மழைமானிகள் போதுமான அளவு நெருக்கமாக இல்லாவிட்டால் நடுவில் கொட்டுகிற பெருமழை யாருடைய கணக்கிலும் வராது.

1997 ஜூலையில் கொலராடோவின் ஃபோர்ட் கொலின்ஸ் நகரத்தில் இதுதான் நடந்தது. நகரத்தின் மேற்குப் பக்கம் 14.5 அங்குலம், 368 மில்லிமீற்றர், மழை. அதே நகரத்தின் மறுபக்கம் இரண்டு அங்குலத்துக்கும் குறைவு. எங்கே எவ்வளவு கொட்டுகிறது என்பது நேரத்துக்குத் தெரியவில்லை, வெள்ளத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். அடுத்த வருடம் அங்கிருந்த பல்கலைக்கழகத்துக் காலநிலை ஆட்கள், சாதாரணச் சனத்திடம் நாலு அங்குல பிளாஸ்ரிக் மானியைக் கொடுத்து, தினமும் காலையில் அளந்து சொல்லுங்கள் என்று கேட்டார்கள். ஆசிரியர், ஓய்வூதியர், கமக்காரர், பள்ளிக்கூடப் பிள்ளை என்று ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து இன்று அது கோகோராஸ் என்ற பெயரில் அமெரிக்கா முழுக்கவும் கனடாவிலும் நடக்கிறது, அதே ஆட்கள்தான் குளிர்காலத்தில் வெள்ளைப் பலகையோடு பனியையும் அளக்கிறார்கள். அவர்களில் அநேகர் ஸ்கோர் பார்க்கிற ஆசையில் சேர்ந்தவர்கள்தான், நான் அதை மறைக்கவில்லை. ஆசை இல்லாவிட்டால் சம்பளம் இல்லாத இந்த வேலைக்கு விடியற்காலைக் குளிரில் எவர் எழும்புவார்?

கந்தளாய்க்கும் வெருகலுக்கும் நடுவில் ஊருக்கு ஒருவர் இப்படி எழுதி வைத்தால் என்ன கெட்டுப்போகும் என்று நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் பேச்சைக் கேட்டு நானும் மானி வைத்துவிட்டேன். கலியாண வீட்டுக்கு யாழ்ப்பாணம் போய் வந்ததில் இரண்டு நாள் அளக்கவில்லை. அந்த நாட்களுக்குப் பூச்சியம் போடவா?
ஆண்டாங்குளம் வாசகி

போடக் கூடாது. பூச்சியம் என்றால் "பார்த்தேன், மழை இல்லை" என்று அர்த்தம். நீங்கள் பார்க்கவே இல்லை. வந்தவுடன் மானியில் இருந்ததை அளந்து, "மூன்று நாளுக்கும் சேர்த்து" என்று எழுதி, முதல் இரண்டு நாள் கட்டத்திலும் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். பக்கத்து வீட்டாரிடம் கேட்டு உத்தேசமாக நிரப்பவும் வேண்டாம், அவர் பெய்ததை விட அதிகமாகத்தான் சொல்வார். மானி அடியில் தூறல் பட்ட ஈரம் மட்டும் இருந்து, அளக்க ஒன்றும் இல்லாவிட்டால் அதற்கும் பூச்சியம் இல்லை, "சிறுதுளி" என்று எழுதுங்கள். அடுத்த முறை கலியாணத்துக்குப் போகும்போது மாமியிடம் கோப்பையைக் கொடுத்துவிட்டுப் போங்கள், 8.30 என்று சொல்லி.